என் அலுமாரியில் ஒன்றும் அசல் இல்லை

எங்கள் வீட்டு முன்னறையில், உம்மாவின் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி அலுமாரி ஒன்று இருக்கிறது. மேல்தட்டில் வெளியே எடுக்கப்படாத பீங்கான் கோப்பைகள். நடுத்தட்டில் வாப்பாவின் கிதாபுகள். கீழே உள்ள இரண்டு தட்டுகளிலும் என்னுடைய ரொபோக்கள். மொத்தம் 26. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உருவம். லொறியாக இருப்பது கையும் காலும் முளைத்து மனிதனாக எழுந்து நிற்கும். விமானம் மடிந்து போர்வீரனாகும். வீட்டுக்கு வரும் மாமிமார் குனிந்து பார்த்துவிட்டு, "மகன்ட சாமானா?" என்று கேட்பார்கள். "இல்ல, மகள்ட" என்று சொல்லும்போது உம்மாவின் குரல் சற்று இறங்கும்.

அதைவிட இறங்கிய குரலில் நான் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த 26 ரொபோக்களில் ஒன்றுகூட அசல் இல்லை. உலகம் முழுவதும் டிரான்ஸ்போமர்ஸ் என்று அறியப்பட்ட அந்த ரொபோக்களின் கொப்பிதான் எல்லாம். பெட்டியில் ஹஸ்ப்ரோ என்ற பெயர் இருக்காது. டிரான்ஸ்போமேஷன் என்று போட வேண்டிய இடத்தில் "டிஃபோமேஷன் ரொபோ" என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் ஆங்கில ஆசிரியையிடம் ஒரு பெட்டியைக் காட்டியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். முதற்சொல் உருமாற்றம், இரண்டாவது உருக்குலைவு. வாங்கிய மூன்றாம் நாள் கை கழன்று விழுந்த ஒரு ரொபோவைப் பொறுத்தவரை, பெட்டியில் எழுதியிருந்தது முழு உண்மை.

இப்படிப்பட்டவற்றைச் சேகரிப்பது சரியா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கொப்பி சாமானை வைத்திருப்பதைவிட அதை அசல் என்று சொல்வதே பெரிய தவறு என்பது என் கருத்து. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையொன்றை அழ வைத்த பிறகே எனக்கு விளங்கியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் ரொபோவை வாங்கியவர் என் நானா. எனக்கு அப்போது ஏழு வயது. பெருநாட் காசைச் சேர்த்துக்கொண்டு வாப்பாவுடன் கொழும்புக்குப் போனவர், புறக்கோட்டைக் குறுக்குத்தெருவொன்றில் சிவப்பும் நீலமுமான லொறி ஒன்றை வாங்கி வந்தார். அதுதான் ஒப்டிமஸ் பிரைம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பெட்டியில் வேறு ஏதோ பெயர் இருந்தது. நானா கட்டார் போகும்போது தன் ஒன்பது ரொபோக்களையும் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு என்னிடம் தந்தார். "தொலைச்சிராத, உடைச்சிராத. உடைஞ்சா திறந்து பாரு" என்றார். நான் மூன்றாவதைத்தான் அதிகம் செய்தேன்.

கொப்பி ரொபோவின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றுதான்: அது அடிக்கடி பழுதாகும். ஒரு மூட்டு தளர்ந்திருக்கும். அடுத்தது அசைய மறுக்கும். ஆணி உட்கார வேண்டிய ஓட்டை சிறியதாக இருக்கும். பலவந்தமாக மடக்கினால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் வெள்ளையாக வெளிறும்; அது உடையப்போவதற்கான அடையாளம். நான் சின்ன ஸ்குரூட்றைவர் ஒன்றால் முதுகைத் திறந்து உள்ளே பார்ப்பேன். சில மூட்டுகள் குமிழும் குழியுமாக இருக்கும். எந்தப் பக்கமும் திரும்பும். சிலவற்றில் சிறு பற்சக்கரமும் அதை அழுத்தும் சுருள்வில்லும் இருக்கும். திருப்பும்போது கிளிக், கிளிக் என்று ஒவ்வொரு பல்லாக நிற்கும். இறுகிய ஆணியை நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். தளர்ந்த குமிழுக்கு வைத்தியம் நகப்பூச்சு. நிறமற்ற நகப்பூச்சை ஒரு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, திரும்பக் குழியில் அழுத்தினால் கை தொங்காது. எங்கள் வீட்டில் வுழூவுக்கு இடைஞ்சல் என்று யாரும் நகப்பூச்சுப் பூசுவதில்லை. யாரோ கல்யாணத்தில் தந்த போத்தல் ஒன்று வருடக்கணக்கில் கிடந்தது. அதை முடித்தவர்கள் என் ரொபோக்கள்தான்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவை நான் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சில சீனத் தொழிற்சாலைகள் அசல் ரொபோவொன்றை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி அளந்து, அதே வடிவத்தைப் பெரிதாக்கி வெளியிடுகின்றன. பெரிதாக இருந்தால் நன்றாக விற்கும். ஆனால் நீளத்தை 1.3 மடங்காக்கினால் எடை 1.3 மடங்கோடு நிற்காது. 1.3 ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 2.2 மடங்கு. அந்த எடையைத் தாங்க வேண்டிய மூட்டின் பரப்போ ஏறத்தாழ 1.7 மடங்குதான் கூடும். ஆகவே அசலில் நிமிர்ந்து நின்ற கை, பெரிதாக்கிய கொப்பியில் தொங்கும். இதைச் சரிசெய்யச் சிலர் மூட்டுகளுக்கு உலோகத் துண்டு வைக்கிறார்கள். அந்த உலோகமும் சேர்ந்து எடையைக் கூட்டுகிறது. பார்த்து வரைந்தவனுக்கு, முதலில் வரைந்தவன் ஏன் அந்த அளவை வைத்தான் என்பது தெரியவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படியானால் முதலில் வரைந்தவர் யார்? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. டிரான்ஸ்போமர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் இவற்றை விற்கத் தொடங்கியது 1984 இல். ஆனால் அந்த ரொபோக்கள் அமெரிக்காவில் உருவானவை அல்ல. ஜப்பானின் டக்காரா நிறுவனம் 1980 இல் தொடங்கிய டயக்குளோன் என்ற வரிசையிலும், சிறிது பின்னர் வந்த மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசையிலும் அவை ஏற்கெனவே இருந்தன. நம் லொறிக்கு அங்கே "பெட்டில் கொன்வோய்" என்று பெயர். அதற்குள் சின்னஞ்சிறு சாரதிப் பொம்மையை உட்காரவைக்கலாம். அதாவது அது தானாகப் பேசும் உயிர் அல்ல, மனிதன் ஓட்டும் இயந்திரம். ஹஸ்ப்ரோ அவற்றை விலைபேசி வாங்கி, மாவல் சித்திரக்கதை நிறுவனத்தாரிடம் கதை எழுதக் கொடுத்தது. ஒப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தவர் டெனிஸ் ஓ நீல். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பொப் புடியான்ஸ்கி. இன்று உலகமே அசல் என்று கொண்டாடுவது, வேறொருவர் செய்த பொம்மைக்கு இன்னொருவர் சூட்டிய பெயர்.

இதைக் கேட்டதும் என் தோழி ஒருத்தி, "பார்த்தியா, அவனும் கொப்பிதானே அடிச்சான்!" என்றாள். இல்லை. ஹஸ்ப்ரோ கேட்டு வாங்கியது, காசு கொடுத்தது, டக்காராவுடன் கூட்டுச் சேர்ந்தது. அந்தக் கூட்டு இன்றும் தொடர்கிறது. கேட்காமல் எடுப்பதற்கும் கேட்டு எடுப்பதற்கும் இடையிலுள்ள தூரம் சின்னதல்ல. கேட்டு எடுத்த இடத்திலும் சிக்கல் வந்ததுண்டு. 1985 இல் வந்த ஜெட்ஃபயர் என்ற விமான ரொபோவின் அச்சு டக்காராவுடையதல்ல, டக்கடொக்கு என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்துடையது. மக்ரோஸ் என்ற வேறொரு கார்ட்டூனுக்காகச் செய்த விமானம் அது. அந்த நிறுவனம் மூடப்பட்டு, அதன் அச்சுகள் போட்டி நிறுவனமான பண்டாயிடம் போய்ச் சேர்ந்தன. கடைசியில் டிரான்ஸ்போமர்ஸ் கார்ட்டூனில் அந்தப் பாத்திரத்தை வேறு தோற்றத்தில் வரைந்து, ஸ்கைஃபயர் என்று பெயரையும் மாற்றிக் காட்ட வேண்டியதாயிற்று.

போலிகளும் அப்போதே வந்துவிட்டன. 1985 முதல் அசல் ரொபோக்களில் சிறிய சதுர ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். பார்வைக்குக் கறுப்பாக இருக்கும். விரலால் தேய்த்துச் சூடேற்றினால் ரொபோவின் முகச்சின்னம் தெரியும். சின்னம் தெரிந்தால் அசல். அந்த ஸ்டிக்கரைப் பற்றி முதலில் வாசித்தபோது என் 26 ரொபோக்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். தேய்ப்பதற்கு அவற்றில் ஸ்டிக்கரே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தேய்த்தேன்.

அசலல்லாதவை எல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வகை அச்சொட்டான கொப்பி. நம் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் இவைதான். மற்ற வகையைச் சேகரிப்பவர்கள் "மூன்றாம் தரப்பு" என்பார்கள். இவர்கள் யாருடைய அச்சையும் எடுப்பதில்லை. தாங்களே புதிதாக வரைந்து, மூட்டுகளைக் கணித்து, சொந்த அச்சு வெட்டுகிறார்கள். ஆனால் செய்து முடித்த ரொபோ யார் என்று பார்த்தவுடனே விளங்கும். 2008 அளவில் ஃபான்ஸ்புரொஜெக்ட் என்ற குழு ஹஸ்ப்ரோவின் ரொபோவுக்கு மேலே அணிவிக்கும் கவசமொன்றை "சிட்டி கொமாண்டர்" என்ற பெயரில் வெளியிட்டது. பிறகு முழு ரொபோக்களே வந்தன. ஆறு கட்டட வேலை வாகனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே பூதமாகும் டெவஸ்டேட்டரை டீ.எஃப்.சீ என்ற நிறுவனம் "ஹெர்குலிஸ்" என்று பெயர் மாற்றிச் செய்தது. ஹஸ்ப்ரோ அவ்வளவு பெரிய டெவஸ்டேட்டரைத் தானே வெளியிட்டது 2015 இல்தான். நிறுவனம் செய்யாததை ரசிகர்கள் செய்தார்கள் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள்.

எனக்கு அந்த நியாயத்தில் பாதிதான் ஏற்புடையது. உழைப்பு அவர்களுடையது என்பதை மறுக்க மாட்டேன். கொப்பியடித்த தொழிற்சாலையோடு அவர்களை ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். ஆனாலும் பெயரை மாற்றி வைப்பதே, சொந்தப் பெயர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி. இன்னொரு வேடிக்கை: இந்த மூன்றாம் தரப்பின் ரொபோக்களையே கொப்பியடித்து விற்கும் நான்காம் தரப்பும் இருக்கிறது. அப்போது மூன்றாம் தரப்புக்காரர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஹஸ்ப்ரோவில் இருப்பவருக்கும் அதே கோபம்தானே வந்திருக்கும்?

இவ்வளவும் தெரிந்தும் நீ ஏன் வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: காசு. நடுத்தர அளவான அசல் ரொபோ ஒன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 35 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் பத்தாயிரத்தைத் தாண்டும். அனுப்பும் செலவும் தீர்வையும் வேறு. 2022 இல் ரூபா விழுந்தபோது எங்கள் வீட்டில் பால்மாவுக்கே வரிசையில் நின்றோம். என் கையில் பெருநாளுக்குச் சேரும் காசுக்குக் கிடைப்பது கொப்பி சாமான்தான். இதை நான் நியாயம் என்று சொல்லவில்லை, காரணம் என்று சொல்கிறேன். எங்கள் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. என் அலுமாரியை அந்தச் சட்டம் தெரிந்தவர் யாரும் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார். ஆகையால் கடந்த வருடத்திலிருந்து புதிதாகக் கொப்பி வாங்குவதை நிறுத்தியிருக்கிறேன். ஒரு டின்னில் சில்லறை சேர்கிறது. அசல் ஒன்று, சின்னதாக ஒன்று, வாங்க எண்ணம்.

அப்படி நிறுத்தியதற்குக் காரணம்தான் முன்னர் சொன்ன அந்தப் பிள்ளை. என் சாச்சாவின் மகன். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மஞ்சள் கார் ரொபோ, பம்பிள்பீ, வேண்டும் என்றான். 1,800 ரூபாவுக்கு வாங்கினேன். பெட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பெட்டியை எறிந்துவிட்டு, பளபளப்பான கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். அவன் பிரித்ததும் கேட்ட முதற்கேள்வி, "ராத்தா, இது ஒரிஜினலா?" நான் யோசிக்கவே இல்லை. "ஓ, ஒரிஜினல்தான்" என்றேன். பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று சொன்னேன் என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில் நான் சந்தோஷப்படவே சொன்னேன். பெரிய பரிசு கொடுத்த ராத்தாவாக இருக்க ஆசை.

அவன் அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோயிருக்கிறான். வகுப்பில் ஒரு பையனுக்கு வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய அசல் இருந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தார்களாம். ஒன்றில் நிறுவனத்தின் பெயரும் செய்த நாட்டின் பெயரும் சின்ன எழுத்தில் பொறித்திருந்தன. மற்றதில் அதே இடம் மழுமழுவென்று வெறுமையாக இருந்தது. என் தம்பி விடவில்லை. "எங்க ராத்தா பொய் சொல்ல மாட்டா" என்று சண்டை பிடித்திருக்கிறான்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ரொபோ புத்தகப்பைக்குள் இருந்தது. "ராத்தா, பேர் எழுத மறந்துட்டாங்களா?" என்று கேட்டான். ஆம் என்று சொல்லியிருக்கலாம்; நம்பியிருப்பான். அந்த நேரத்தில் வாப்பா உள்ளே இருந்தார். வாப்பாவுக்குச் சிறிய புடவைக் கடை ஒன்று இருக்கிறது. யாராவது ஒரு துணியைக் கையில் எடுத்து, "இது இந்தியா சாமானா?" என்று கேட்டால், அவர் முதலில் சொல்வது "இல்ல, கொப்பி. நாலு தரம் கழுவினா நிறம் போகும். விலையும் அதுக்கேத்த மாதிரித்தான்" என்பது. சாமானின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று நாம் மத்ரஸாவில் படித்ததை அவர் தினமும் பத்துத் தடவை செய்துகொண்டிருக்கிறார். அவருடைய மகள் வாசலில் நிற்கிறாள்.

"இது கொப்பி. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். அவன் அழுதான். ரொபோவை என் கையில் வைத்துவிட்டுப் போனான். கொப்பி என்பதற்காக அவன் அழவில்லை என்று சாச்சி பின்னர் சொன்னார். "நாளைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லுற?" என்றுதான் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தானாம். எனக்காகச் சண்டை பிடித்தவன் அவன்.

அந்த வாரம் அலுமாரியிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே வைக்கச் சிறிய அட்டை எழுதத் தொடங்கினேன். மேலே பெரிய எழுத்தில் "கொப்பி". கீழே, எந்த அசலைப் பார்த்துச் செய்தது, அந்த அசல் வந்த ஆண்டு, எங்கே என்ன விலைக்கு வாங்கினேன், நான் என்ன பழுது பார்த்தேன். வடிவமைத்தவரின் பெயர் தெரிந்தால் அதுவும். லொறியின் அட்டையில் ஷோஜி கவமொரி, ஹிரொயுகி ஒபாரா என்ற இரண்டு ஜப்பானியப் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நான் ஒரு சதமும் கொடுத்ததில்லை. பெயரையாவது எழுதிவைத்திருக்கிறேன். இதனால் கடன் தீர்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

சகோதரிகளில் சிலருக்கு இது அளவுக்கு மீறிய கவலையாகத் தெரியலாம். "என்ட ஹேண்ட்பேக், மணிக்கூடு, சப்பாத்து எல்லாமே கொப்பி. அதுக்கும் அட்டை எழுதித் தொங்கவிடவா?" என்று ஒரு தோழி கேட்டாள். தொங்கவிட வேண்டாம். யாராவது கேட்டால் சொன்னால் போதும். கேட்கும்போது நம் வாயில் என்ன வருகிறது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் பெற்ற நிறுவனத்தின் பொம்மை எல்லாம் பத்திரமானது என்று நான் சொல்ல வரவில்லை. பார்பி பொம்மையின் நிறுவனமான மட்டெல்லே 2007 இல் நிறப்பூச்சில் ஈயம் இருந்ததால் ஏராளமான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. 1980களின் பிற்பகுதியில் வந்த அசல் ரொபோக்கள் சிலவற்றில் பொன்னிறப் பிளாஸ்டிக் காலப்போக்கில் தானாகவே நொறுங்கிப்போகிறது. ஆனால் அந்தப் பொம்மைகளைத் திரும்பப் பெற ஒருவர் இருந்தார். குறை சொல்ல ஒரு முகவரி இருந்தது. பெயரில்லாத பெட்டிக்கு அது இல்லை. அதன் நிறப்பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள். திறந்ததும் கடுமையான மணம் வந்தால், நிறம் கையில் ஒட்டினால், திருப்பிக் கொடுங்கள். காந்தமோ பொத்தான் பற்றரியோ உள்ளே இருந்தால், அதன் மூடி ஸ்குரூ ஆணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெரியது என்றால் கொப்பி வாங்கிக் கொடுப்பது உங்கள் முடிவு. வாங்கிக் கொடுக்கும்போது கொப்பி என்றே சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள். மகள் கேட்டாலும் வாங்கிக் கொடுங்கள் என்பதையும் மாமிமாரை மனதில் வைத்துச் சேர்த்துக்கொள்கிறேன்.

கடந்த பெருநாளுக்குச் சாச்சா குடும்பத்தோடு வந்தார். தம்பி நீண்ட நேரம் என் பக்கமே வரவில்லை. வட்டிலப்பம் சாப்பிட்டு முடித்த பிறகு அலுமாரிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து அட்டைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினான். மஞ்சள் காருக்கு முன்னால் நின்றான். அதன் அட்டையில் "கொப்பி. 1,800 ரூபா. அசல் என்று சொல்லிக் கொடுத்தது" என்று இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்ததைக் காட்டி, "இதுக்கு ஏன் ஒண்டும் எழுதல்ல?" என்றான். பச்சை நிற ஹெலிகொப்டர் அது. எதைப் பார்த்துச் செய்தார்கள் என்று எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு தொழிற்சாலையில், யாரோ ஒருவர் சொந்தமாகவே வரைந்ததாகக்கூட இருக்கலாம். அதைச் சொன்னேன். ஹெலிகொப்டரை எடுத்து, காலைத் திருப்பி, அடியைப் பார்த்தான். பிறகு பேனை இருக்கிறதா என்று கேட்டான்.